மூன்று வெள்ளிக்கிழமையும் ஒரு கருப்புத் துணியும்

மேற்குத் தாம்பரம் ஷண்முகம் ரோட்டில் ‘சபீஹா அபாயா சென்டர்’ என்று ஒரு கடை. பலகையில் இருப்பது மனைவி பெயர், கவுன்ட்டரில் நிற்பது கணவர் சௌகத் அலி. இருபத்திரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு. சபீஹா உள்ளே தையல் மெஷினில் உட்கார்ந்து ஓரம் அடிப்பாள். அவர் வெளியே நின்று பேசுவார். இதில் எது கஷ்டமான வேலை என்று கேட்டால் அவரவர் தன் வேலையைத்தான் சொல்வார்கள்.

சௌகத் அலி கொஞ்சம் அலட்டல் பேர்வழி. “பர்தா இருக்கா பாய்?” என்று வருகிறவர்களை, “அபாயா இருக்கும்மா” என்று திருத்திவிட்டுத்தான் உள்ளே விடுவார். அவர் துணி விரிப்பதே தனி. மடித்து வைத்த கருப்பு அங்கியை இரண்டு தோளிலும் பிடித்து மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவார். அது கண்ணாடி மேஜை மேல் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் போய்ப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்ப்பதற்கென்றே பெருங்களத்தூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. யாரும் அப்படி வந்ததாகத் தகவல் இல்லை.

உயரம் குறிப்பதிலும் மனிதர் கில்லாடி. வாடிக்கையாளர் நிமிர்ந்து நின்றதும் குனிந்து, தொப்பிக்குள் விரலை விட்டு வெள்ளை சாக்பீஸை எடுத்து, துணியின் அடியில் ஒரே கோடு. கடை திறந்த புதிதில் அந்த சாக்பீஸை ஒரு நாளைக்கு நாலு தடவை தொலைத்துக்கொண்டிருந்தார். அப்போது புதுப்பெண்டாட்டியாக இருந்த சபீஹாதான் ஒரு நாள் பொறுமை போய், “இங்கயே இருக்கட்டும், இனிமே தேட வேணாம்” என்று அவர் தொப்பியின் உள்மடிப்பில் அதைச் சொருகிவிட்டாள். அன்றிலிருந்து அவர் எதையும் தேடியதில்லை. தராசு வைத்து நிறுத்த மாதிரி வாழ்க்கை சீராகப் போய்க்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் தலையில் பொடுகு வந்தது.

கொஞ்ச நாளாகவே தலை வறண்டு அரித்துக்கொண்டிருந்தது. தை மாதத்துப் பனி வந்ததும் நிலைமை முற்றிப்போனது. முன்நெற்றிக்கு மேலேதான் தொல்லை அதிகம். சொறிந்தால் சுகமாக இருந்தது. சொறிந்து முடித்தால் தோளெல்லாம் வெள்ளையாக இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டுச் சமாளித்தார். ஆனால் விற்பது கருப்புத் துணி ஆயிற்றே, அதற்கு யார் வெள்ளைச் சட்டை போட்டுவிடுவது?

ஒரு வியாழக்கிழமை வண்டலூரிலிருந்து ஓர் அம்மா கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கடையிலேயே உசத்தியான துணியை எடுத்து சௌகத் அலி சுண்டினார். அது அழகாகப் போய்ப் படுத்தது. “கைத்தையல் பாருங்கம்மா, நூல் தெரியுதா பாருங்க” என்று துணி மேல் குனிந்தார். குனிந்தவர் சும்மா இருந்திருக்கலாம். தொப்பியைத் தூக்கித் தலையை நாலு சொறி சொறிந்தார். கருப்புத் துணி மேல் பொலபொலவென்று கொட்டியது.

அந்த அம்மா பெரியவள், பண்பானவள். தலையைப் பார்க்காமல் துணியைப் பார்த்தாள்.

“இது எத்தனை வருஷத்து ஸ்டாக் பாய்?” என்று கேட்டாள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. அது நின்றால் அடுத்து சபீஹாவின் குரல் வரும்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றபடி சபீஹா வெளியே வந்தாள். அனுமதி தேவையில்லாதபோதுதான் அவள் அனுமதி கேட்பாள்.

“சொல்லு.”

“மாவு மில் வெச்சிருந்தா நான் ஏதாச்சும் சொல்லப் போறேனாங்க? கருப்பு விக்கிற கடைல வெள்ளையா கொட்டிக்கிட்டு நிக்கிறீங்க. பெருநாள் சீசன் வருது. அடுத்த மாசம் மூணாவது சனிக்கிழமை ஷீலா மிஸ் வர்றாங்க.”

ஷீலா மிஸ் என்பவர் கீழ்க்கட்டளையில் ஒரு நர்சரி பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. அங்கே யூகேஜி முடிக்கும் பிள்ளைகளுக்குப் பட்டமளிப்பு விழா நடத்துகிறார்கள். ஐந்து வயதில் என்ன பட்டம் என்று கேட்கக் கூடாது. பென்சிலைத் தின்னாமல் இரண்டு வருஷம் ஓட்டினாலே பட்டம்தான். அறுபத்து நாலு பிள்ளைகளுக்கு அறுபத்து நாலு குட்டிக் கருப்பு அங்கி வேண்டும். மாதிரி அங்கி பிடித்திருந்தால் இந்த வருஷம் மட்டுமில்லை, வருஷா வருஷம் இங்கேதான் என்று சொல்லியிருந்தார்.

“மிஸ்ஸுக்கு நான் விரிச்சுக் காட்டுறேன் பாரு, அப்படியே அசந்துருவாங்க” என்றார் சௌகத் அலி.

“நீங்க விரிப்பீங்க, தல கொட்டும். வேணாம். நாளைலேர்ந்து நீங்க மேல கோடவுன்ல இருங்க. கவுன்ட்டர நான் பாத்துக்கறேன்.”

“நானா? மேலயா?”

“அடுத்த வாரத்துலேர்ந்து மூணு வெள்ளிக்கிழம டயம். ஜும்ஆ முடிஞ்சு வந்ததும் ஒரு கருப்புத் துணி விரிப்பேன். நீங்க அது மேல தலைய உதறணும். மூணாவது வெள்ளிக்கிழம அஞ்சுக்குக் கீழ விழுந்தா சனிக்கிழம கவுன்ட்டர் உங்களுக்கு. இல்லன்னா நிரந்தரமா மேலதான். கவுன்ட்டருக்கு ஒரு பொண்ண வேலைக்கு வெச்சிருவேன்.”

சௌகத் அலி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்றே பழகியவர். கடைக்கு வெளியே அவருக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கேரம் ஆட வராது, கிரிக்கெட் புரியாது, பாட்டு பாடினால் சொந்த மகளே காதைப் பொத்துவாள். கவுன்ட்டரில் நிற்கும்போது மட்டும்தான் அவர் ஒரு ஆள்.

அந்த கோடவுனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரும்பு ஏணியில் ஏறிப் போக வேண்டும். நிமிர்ந்தால் தகரம் இடிக்கும். குனிந்தால் பெட்டி இடிக்கும். நடுவில் ஒரு துவாரம். அதன் வழியாகக் கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் கூடை ஒன்று கீழே இறங்கும். “ஐம்பத்தாறு சைஸ், கருப்பு, முத்து வெச்சது!” என்று சபீஹா கீழிருந்து கத்துவாள். அவர் கூடையில் வைத்து இறக்குவார். உயரம் குறிக்க வேண்டிய துணி கூடையில் மேலே ஏறும். அவர் தொப்பியில் விரலை விட்டு, சாக்பீஸை எடுத்து, அவள் கத்திச் சொல்லும் அளவில் கோடு போட்டு, திரும்ப இறக்குவார். ராஜா மாதிரி இருந்தவர் கிணற்றில் தண்ணீர் இறைப்பவர் மாதிரி ஆகிப்போனார்.

அன்று மாலையே வீட்டில் தலைக்கு மருத்துவ ஆலோசனை நடந்தது. மகள் ஃபாயிசா பி.பார்ம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் தலையைப் பிரித்துப் பார்த்தாள்.

“வறண்டு போயிருக்கு அத்தா. குளிக்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி கொஞ்சம் தேங்கா எண்ணெய் தடவுங்க. மைல்டா ஒரு ஷாம்பூ போட்டு நல்லா அலசுங்க. ரொம்ப சூடான தண்ணி வேணாம். சொறியாதீங்க. மூணு வாரத்துல கேக்கலன்னா ஸ்கின் டாக்டர்கிட்ட போகலாம். அவ்ளோதான்.”

“அவ்ளோதானா?” சௌகத் அலிக்குப் பெரிய ஏமாற்றம். இத்தனை பெரிய அவமானத்துக்கு இத்தனை சின்ன மருந்தா? “இதுக்கா உனக்கு ஃபீஸ் கட்றோம்?”

“வெந்தயம்” என்றாள் சபீஹா சமையலறையிலிருந்து. அதோடு கூட்டம் முடிந்தது.

வெந்தயத்தை ஊற வைத்து அரைத்துத் தயிரில் குழைத்துத் தலையில் அப்பிக்கொள்ள வேண்டும். அரைக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். மிக்ஸியை இரண்டு சுற்று விட்டதும் சத்தம் பிடிக்காமல் நிறுத்திவிட்டார். தலையில் அரை வெந்தயமும் முழு வெந்தயமுமாக ஏறி உட்கார்ந்தன. அலசினால் அவ்வளவு சுலபத்தில் போகுமா? காலையில் குளித்துவிட்டு, தொப்பியை வைத்துக்கொண்டு, தொப்பிக்குள் சாக்பீஸைச் சொருகிக்கொண்டு, கூன் போட்டபடி கோடவுனில் போய் உட்கார்ந்தார். நாலாவது நாள் தகரத்து ஓட்டை வழியாக ஒரு பூனை உள்ளே வந்தது. அவர் தலையை மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. தயிர் வாசனைக்கு வந்த பூனையானாலும், அந்த வாரம் அவரை மதித்து வந்த ஒரே ஜீவன் அதுதான்.

முதல் வெள்ளிக்கிழமை. தொழுகை முடித்து வந்தார். சபீஹா கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேஜை மேல் கருப்புத் துணியை விரித்தாள். அவள் விரித்ததில் ஆறு சுருக்கம் இருந்தது. அதைச் சொல்லும் நிலைமையில் அவர் இல்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையை உதறினார்.

சபீஹா ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். “அறுபத்தொண்ணு.”

“ஒன்பது வெந்தயம். அத கழி.”

“எது வெந்தயம்?”

“மஞ்சளா இருக்கே, இது. இது. இதோ இது பாதி.”

“சரி, அம்பத்திரண்டர. மேல போங்க.”

கடைக்குப் பக்கத்தில் மாரி கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருக்கிறான். கரும்போடு எலுமிச்சையும் இஞ்சியும் வைத்து மெஷினில் விடுகிற ஆள். ஏணியில் இறங்கி வந்த சௌகத் அலியைப் பார்த்து, “இன்னா பாய், ஒரு வாரமா ஆளையே காணோம்? மேல ஏறிக்கினியாமே? அக்கா துர்த்தி வுட்ருச்சா?” என்றான்.

“தலைல பொடுகு மாரி.”

“அட, இதுக்கா இவ்ளோ பேஜார்? எங்கைல எலுமிச்சந்தோலு கூட கூடையா கீது. நல்லா தேச்சிகினு வெயில்ல குந்து. செத்துரும்.”

“எது?”

“பொடுகுதான் பாய். நீ இன்னாத்துக்கு சாவுற?”

எலுமிச்சைத் தோலை வாங்கிப் போய்த் தேய்த்தார். ஏற்கெனவே சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்த தலை. பட்டதும் “யா அல்லாஹ்!” என்று அவர் போட்ட சத்தத்தில் பூனை தகரத்து வழியாக வெளியே போனது, பிறகு வரவே இல்லை. கடையில் நின்றிருந்த இரண்டு பெண்கள் மேலே அண்ணாந்து பார்த்தார்கள். “பெட்டி விழுந்துருச்சு” என்றாள் சபீஹா.

எலுமிச்சை தோற்றதும் மாரி அசரவில்லை. “சின்ன வெங்காயம் பாய். எங்கூட்டுல இதான். இடிச்சு சாறு எடுத்து தடவு. மூணே நாளு.” வெங்காயமும் தடவினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியதே தவிரத் தலையிலிருந்து கொட்டுவது நிற்கவில்லை. எவ்வளவு அலசினாலும் வாசனை போகவில்லை. அவர் இறக்கிய ஒவ்வொரு கூடையோடும் அதுவும் இறங்கியது.

“மேல சமையல் நடக்குதாக்கா? வெங்காயம் நறுக்குற வாசன வருதே?” என்று கேட்டாள் ஒரு கல்லூரிப் பெண்.

“அது எங்க வீட்டுக்காரரும்மா” என்றாள் சபீஹா.

அன்றைக்கு அவளுக்கு இன்னொரு கோபம். மேலே அனுப்பி உயரம் குறித்து வாங்கிய நாலு அங்கியிலும் தோள் பக்கமெல்லாம் வெள்ளைப் பொட்டு. கோடு அடியில்தானே போட வேண்டும், தோளில் ஏன் வெள்ளை? துவாரத்தின் கீழே நின்று கத்தினாள்: “மேல உக்காந்தும் கொட்டுறீங்களே! உங்கள எங்கதாங்க கொண்டுபோய் வைக்கிறது?”

இரண்டாவது வெள்ளிக்கிழமை எண்ணிக்கை ஐம்பத்து நாலு. கழிப்பதற்கு வெந்தயமும் இல்லை. கணக்குப்படி நோய் ஒன்றரை பொட்டு முற்றியிருந்தது.

“வேலைக்கு ஒரு பொண்ணு சொல்லி வெச்சிருக்கேன்” என்றாள் சபீஹா. “சாவித்ரின்னு பேரு. சிங்கப்பெருமாள் கோவில்லேர்ந்து வருது. திங்கக்கிழம வரட்டுமான்னு கேட்டுச்சு. அடுத்த வெள்ளி முடியட்டும்னு சொல்லியிருக்கேன்.”

சௌகத் அலி அன்று மாலை மறுபடி ஏணி ஏறினார். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து துவாரம் வழியாகக் கீழே பார்த்தார். கண்ணாடி மேஜையில் ஒரு மூலை தெரிந்தது. அங்கே சபீஹாவின் கை ஓர் அங்கியை நாலு தடவை இழுத்து இழுத்து விரித்தது. அதைப் பார்க்க அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வெங்காயம் அன்றைக்கு நிறுத்தியாகிவிட்டது. ஆகவே சாக்கு சொல்லவும் வழியில்லை.

வீட்டுக்குப் போனதும் மகள் முன்னால் போய் உட்கார்ந்தார். “நீ என்னமோ அன்னிக்கு சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு.”

ஃபாயிசா ஒன்றும் குத்திக் காட்டவில்லை. தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, அவளே தடவிவிட்டாள். “சொறியாம இருந்தா பாதி சரியாயிடும்” என்று சொல்லி, அவர் பத்து விரலிலும் நகத்தை வெட்டிவிட்டாள். “புண்ணு ஆறுற வரைக்கும் தலைய இறுக்கமா எதுலயும் மூடாதீங்க அத்தா. காத்துப் படட்டும்.”

அதனால் அந்த வாரம் கோடவுனில் அவர் தொப்பி போடவில்லை; தொழுகைக்குப் போகும்போது மட்டும் பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். சாக்பீஸ் வைக்க இடமில்லாமல் ஒரு காலி பேரீச்சம்பழ டப்பாவில் போட்டுவைத்தார். டப்பாவைத் தினம் நாலு தடவை தொலைத்தார். இத்தனை பெட்டிகளுக்கு நடுவில் ஒரு டப்பாவைத் தேடுவதென்றால் சும்மாவா? கீழே சபீஹா கூடைக் கயிற்றை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்துபோனாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை. ஷட்டர் பாதி இறங்கியது. துணி விரிந்தது. ஃபாயிசாவும் கல்லூரியிலிருந்து நேராக வந்து நின்றாள். மாரிகூட ஜூஸ் மெஷினை நிறுத்திவிட்டு ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்தான். சௌகத் அலி “பிஸ்மில்லாஹ்” சொல்லித் தலையை உதறினார். நன்றாகவே உதறினார்; அதில் அவர் ஏமாற்று வேலை செய்யவில்லை.

சபீஹா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். ஊசி முனை துணி மேல் அலைந்தது.

“மூணு” என்றாள்.

“மூணா?”

“மூணுதாங்க.”

“எல்லாம் நம்ம வெங்காயம்தான் பாய்! லேட்டா வேல காட்டுது!” என்று மாரி ஷட்டருக்கு அடியிலிருந்து கூவினான். யாரும் மறுக்கவில்லை. வெற்றி நேரத்தில் பங்கு கேட்க வருகிறவனை விரட்ட முடியுமா? சபீஹா அப்போதே சாவித்ரிக்குப் போன் போட்டு, “இப்ப வேணாம்மா, அப்புறம் சொல்றேன்” என்றாள். சௌகத் அலி திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் அவர் எழுந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தலைக்குக் குளித்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை. பழைய தொப்பியைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தார். கடைக்கு வந்ததும் புதுப் பெட்டி உடைத்து, முழு சாக்பீஸ் ஒன்றைத் தொப்பி மடிப்பில் சொருகிக்கொண்டார். மாப்பிள்ளை மாதிரி கவுன்ட்டரில் நின்று, கண்ணாடி மேஜையை மூன்று தடவை துடைத்தார். அரிப்பு? கொஞ்சம் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு பொறுத்தார்.

பதினோரு மணிக்கு ஷீலா மிஸ் வந்தார். ஒல்லியான உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி, அளவுகள் எழுதிய நோட்டு. “எங்க சார் சாம்பிள்?” என்று நேரே விஷயத்துக்கு வந்தார்.

சௌகத் அலி அந்தக் குட்டி அங்கியை எடுத்தார். மூன்று வார ஏக்கத்தையும் சேர்த்து மணிக்கட்டில் ஒரு சுண்டு சுண்டினார். அது போய் மேஜை மேல் படுத்தது பாருங்கள், அப்படி ஒரு படுக்கை. ஷீலா மிஸ்ஸே “அட!” என்றுவிட்டார். உள்ளே மெஷினில் இருந்த சபீஹாவின் முகத்திலும் சிரிப்பு வந்தது. அவள் அதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

“உயரம் எப்படி மிஸ்? முட்டிக்குக் கீழயா, கணுக்காலுக்கா?”

“மேடைல தடுக்கி விழக் கூடாது. முட்டிக்குக் கீழ நாலு விரல்.”

“இதோ, கோடே போட்டுக் காட்டிர்றேன்.” துணி மேல் குனிந்தார். தொப்பிக்குள் விரலை விட்டார். முழு சாக்பீஸ், புதுசு, மடிப்பில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. ஒரு இழுப்பு இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

குட்டி அங்கியின் நெஞ்சு முழுக்க வெள்ளையாகக் கொட்டியது.

உள்ளே மெஷின் நின்றுவிட்டது. சௌகத் அலி குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தால் யாருடைய முகத்தையாவது பார்க்க வேண்டியிருக்குமே. ஏணி கண் முன்னால் வந்தது. தகரம், பெட்டி, கூடை, சாவித்ரி எல்லாம் வரிசையாக வந்தன.

“மன்னிச்சுருங்க மிஸ்” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “எனக்குத் தலைல பொடுகு. மருந்தெல்லாம் போட்டேன். துணில ஒரு குறையும் இல்ல. நான் மேல போயிடறேன், என் வீட்டுக்காரங்க உங்களுக்குக் காட்டுவாங்க.”

ஷீலா மிஸ் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். துணி மேல் விழுந்த வெள்ளையில் ஒரு சிட்டிகை எடுத்தார். சௌகத் அலி “ஐயோ மிஸ், தொடாதீங்க!” என்று பதறினார். அவர் கேட்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்தார். சபீஹா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சார், முப்பத்தொரு வருஷம் போர்டு முன்னாடி நின்னவ நான். இது பொடுகு இல்ல. சாக்பீஸ்.”

“என்னது?”

“சாக்பீஸ் தூள். தொப்பியக் கழட்டுங்க.”

டீச்சர் கழற்று என்றால் கழற்றத்தானே வேண்டும். தொப்பியை வாங்கி உள்பக்கம் திருப்பி மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார். புகை மாதிரி கிளம்பியது. மடிப்பு முழுக்க வெள்ளை அடைந்திருந்தது. துவைத்தும் போகாமல் தையலுக்குள் கட்டிப்போய்க் கிடந்தது. ஷீலா மிஸ் தும்மினார். பிறகு தன் கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தன.

“இத்தன வருஷம் சாக்பீஸ் பிடிச்ச கை சார் இது. பிடிச்ச இடத்துல எண்ணெப் பசையே தங்காது, அப்படியே உறிஞ்சிடும். நீங்க அதத் தலைலயே வெச்சுக்கிட்டு நடந்தா தல வறளாம என்ன பண்ணும்? வறண்டா அரிக்கும், சொறிஞ்சா உரியும். உரிஞ்சது பாதி, சாக்பீஸ் பாதி. ரெண்டும் வெள்ள. யாருக்குத் தெரியும்?”

சௌகத் அலிக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. வெந்தயம் போட்டுக் குளித்துவிட்டு சாக்பீஸைச் சொருகிக்கொண்டார். எலுமிச்சை தேய்த்துவிட்டுச் சொருகிக்கொண்டார். வெங்காயம் தடவிவிட்டுச் சொருகிக்கொண்டார். தொப்பி போடாத அந்த ஒரு வாரம்தான் மூன்றே மூன்று விழுந்தது.

“இத யாரு சார் தொப்பில வைக்கச் சொன்னது?” என்று ஷீலா மிஸ் கேட்டார். பள்ளிக்கூடத்தில் கேட்கிற அதே குரல்.

சபீஹா சட்டென்று அண்ணாந்து ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தாள். ஃபேனில் பார்க்க ஒன்றுமில்லை. சௌகத் அலி அவளைப் பார்த்தார். அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இப்படி ஒரு ஆயுதம் அவர் கைக்கு வந்ததே கிடையாது. ஒரு வார்த்தை போதும். ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டலாம். மூன்று வாரம் தகரத்துக்கு அடியில் வெந்ததற்கு வட்டியும் முதலுமாக வாங்கலாம்.

“நானாத்தான் மிஸ்” என்றார். “கெட்ட பழக்கம்.”

“பிள்ளைங்களவிட மோசம் சார் நீங்க” என்று சொல்லி, ஷீலா மிஸ் மேஜை மேலிருந்த அங்கியை எடுத்து ஓங்கி உதறினார். ஒரு பொட்டு இல்லாமல் எல்லாம் போயிற்று. “துணி நல்லாருக்கு. அறுபத்து நாலும் இதே மாதிரி தைங்க. விழா அன்னிக்கு நீங்களே வந்து போட்டுவிடணும். அந்த விரிக்கிறத எங்க பிள்ளைங்க பாக்கட்டும், கை தட்டுவாங்க. ஆனா தொப்பிய நான் செக் பண்ணிட்டுத்தான் உள்ள விடுவேன்.”

அவர் போனதும் சபீஹா மெஷினை ஓட்டினாள். அளவெடுக்கும் டேப்பின் முனையில் ஒரு நாடாவை வைத்துத் தைத்தாள், நாடாவில் ஒரு குட்டிப் பை, பைக்குள் சாக்பீஸ். வெளியே வந்து அதை அவர் கழுத்தில் மாட்டினாள்.

“ஏங்க சொல்லல?”

“என்னத்த?”

“நாந்தான் வெச்சேன்னு.”

சௌகத் அலி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க ஒன்றுமில்லை.

“நீ வெச்சதுங்கறதாலதான் நான் அத அங்கேர்ந்து எடுக்கவே இல்ல” என்றார்.

சபீஹா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். “சாக்பீஸ் தூளு” என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தொழுதுவிட்டு வந்தபோது கருப்புத் துணி விரிந்து கிடந்தது. பழக்க தோஷம். அவரும் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்து உதறினார். ஒன்றே ஒன்று விழுந்தது. இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள்.

“இதுவும் சாக்பீஸா?” என்று கேட்டாள் சபீஹா.

“இல்ல” என்றார் சௌகத் அலி. “இது என்னோடது.”

சபீஹா ஊசியை எடுக்கவில்லை, எண்ணவும் இல்லை. குனிந்து ஊதிவிட்டாள்.